கரைக்கு இன்னும் உன் படம் வரவில்லை

அன்பு மகளுக்கு,

மூன்று வெள்ளிக்கிழமைகளாக உன்னிடமிருந்து சொல்லும் வரவில்லை, படமும் வரவில்லை. கடைசியாக நீ அனுப்பிய சொல் "கரை". வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். நேற்று அம்மாவிடம், "கடலை வரைந்தேன், எல்லாரும் வரைகிற கடலாகவே இருந்தது, அழித்துவிட்டேன்" என்றாயாம். கேட்டதிலிருந்து மனம் சரியில்லை. நல்லதோ கெட்டதோ, அதை அழித்திருக்கக் கூடாது.

வாரம் ஒரு சொல், அதற்கு ஆளுக்கொரு படம் என்பதை நீதான் எனக்குச் சொன்னாய். அமெரிக்காவில் 2003இல் "இல்லஸ்ட்ரேஷன் ஃப்ரைடே" என்று தொடங்கினார்கள், வெள்ளிக்கிழமைதோறும் ஒரே ஒரு சொல் கொடுப்பார்கள், மற்றதெல்லாம் வரைகிறவர் பாடு என்றாய். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் சேலைக்கு டிசைன் போட்டவன் நான். மயில்கண் வேண்டும், கரை இத்தனை அங்குலம், அரக்குக்குப் பச்சை என்று அளவோடுதான் வேலை வரும். ஒரு சொல்லை மட்டும் கையில் கொடுத்து, உனக்குத் தோன்றியதைப் போடு என்று சொன்ன முதல் ஆள் நீ. அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

டேப்லெட்டை நீ வாங்கிக் கொடுத்த புதிதில் நானும் அழித்துக்கொண்டேதான் இருந்தேன். கிராஃப் தாளில் ஒரு கட்டம் தவறினால் அட்டையில் ஓட்டை தவறிவிடும். அட்டையின் ஓட்டைப்படி இழைகளைத் தூக்கும் கருவியான ஜக்கார்டில் ஓட்டை தவறினால் தூக்க வேண்டிய இழை தூங்கும், தூங்க வேண்டிய இழை எழும். அட்டையில் தாள் ஒட்டி அடைத்துவிட்டு மறுபடியும் குத்த வேண்டும். அந்தப் பயத்தில் பழகிய கைக்கு, கோட்டை ஒரு தட்டில் மறைய வைக்கும் அம்புக்குறி கிடைத்தால் என்ன ஆகும்? ஒரு மணி நேரம் வரைந்த பிறகும் திரை வெள்ளையாகவே இருந்தது. பிறகு எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். முதல் இருபது நிமிடம் அந்த அம்புக்குறியைத் தொட மாட்டேன். பிடிக்காத கோடு இருக்கிறதா, இருக்கட்டும். அந்த லேயரை, அதாவது கண்ணாடித்தாள் போன்ற அந்த அடுக்கை, மங்கலாக்கிவிட்டு மேலே புது லேயர் போட்டு வரைவேன். பாதி நாள், அடியில் கிடக்கும் தப்பான கோட்டிலிருந்துதான் சரியான கோடு கிடைக்கிறது. நீயும் அந்தக் கடலை அடி லேயராக விட்டிருக்கலாம்.

"கரை" என்றதும் எனக்கும் முதலில் கடல்தான் வந்தது. மாமல்லபுரத்துக் கடல், அலை, ஒரு படகு. வரைந்தேன். அடுத்து சேலைக் கரை வந்தது, அது என் பிழைப்பு. நான் வரைகிற கிரிட்டா என்ற மென்பொருளில் ஒரு வசதி இருக்கிறது: ஒரு பூவை ஓரிடத்தில் வரைந்தால் அது நான்கு பக்கமும் அடுக்கடுக்காகத் தானே விரிகிறது. ஒரு கொடி இந்தப் பக்கம் முடிந்து அந்தப் பக்கம் சேருமா என்று வாழ்நாளெல்லாம் மனத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணெதிரே பார்த்தபோது கை சற்று நடுங்கியது. மயில் கழுத்து நிறத்துக்கும் முயன்றேன். பாவு, அதாவது நீள இழை, நீலம்; ஊடை, அதாவது குறுக்கு இழை, பச்சை. நெருக்கமாக நீலக்கோடும் பச்சைக்கோடும் மாற்றி மாற்றிப் போட்டால் தள்ளி நின்று பார்க்கும்போது கலந்துவிடுகிறது. ஆனால் பட்டு அசைந்தால் நிறம் மாறும், படம் அசையாது. அதனால் துணியில் ஒரு மடிப்பு வரைந்து, ஏறும் பக்கத்தை நீலமாகவும் இறங்கும் பக்கத்தைப் பச்சையாகவும் விட்டேன். அசைவது போலவே இருந்தது.

அதையும் நான் அனுப்பவில்லை. மறுநாள் காலையில் அம்மா மதில்மேல் சோறு வைத்தாள். காக்கை வந்து கரைந்தது. கரைந்தது! நம் மொழியில் அதுவும் கரைதானே. கடற்கரையும் சேலைக்கரையும் காக்கை கரைவதும் வெல்லம் கரைவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. காக்கையை வரைந்து அம்மாவிடம் காட்டினேன். "கழுத்துச் சாம்பல் எங்கே? முழுக்கக் கறுப்பாக்கிவிட்டீர்களே" என்றாள். இத்தனை காலம் தினமும் பார்த்த பறவை. மூன்று நாள் காலையில் மதிலருகே உட்கார்ந்து அதன் கழுத்தை மட்டும் பார்த்தேன். சாம்பல் எங்கே முடிந்து கறுப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. ஸ்டைலஸை அழுத்தாமல், மூச்சு விடுவது போல இழுத்தால்தான் அது வருகிறது. இப்போது என் படத்தில் அந்தக் காக்கையும் இருக்கிறது, பின்னால் கொடியில் காயும் சேலையின் கரையும் இருக்கிறது, மிக அடியில், தெரிந்தும் தெரியாமலும், முதலில் போட்ட அந்தக் கடலும் இருக்கிறது.

நீ இங்கிலாந்தில் லீட்ஸிலிருந்து சால்ட்டேர் என்ற ஊருக்குப் போய்வந்து எழுதியதை மறக்கவில்லை. 1853இல் திறந்த நெசவாலை, 1986இல் ஓட்டம் நின்றது, இப்போது அங்கே ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னியின் ஓவியங்கள் இருக்கின்றன என்று எழுதியிருந்தாய். தறி நின்ற கூடத்தில் படங்கள் என்று படித்தபோது, கணினி வந்ததும் இனி வர வேண்டாம் என்று என்னை அனுப்பிவிட்ட நாள் நினைவுக்கு வந்தது. அந்தக் கசப்பில் பல ஆண்டுகள் பென்சிலையே தொடாமல் இருந்தேன். அந்த ஆண்டுகள் போனது போனதுதான். நீ மூன்று வாரம் தொடாமல் இருப்பது எனக்குப் பொறுக்காததற்குக் காரணம் அதுதான். அந்த ஹாக்னி எழுபதைக் கடந்த பிறகு, 2009இல், கைபேசியில் கட்டைவிரலால் பூக்களை வரைந்து காலையில் நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். திரைக்குத் தன் வெளிச்சம் இருப்பதால், விளக்குப் போடாமல் படுக்கையிலிருந்தே விடியலை வரைந்தார். நீ வேலை முடிந்து வரும்போது அங்கே இருட்டிவிடுகிறது என்கிறாய். இருட்டு தடையில்லை.

இந்த வெள்ளிக்குள் உன் கடல் வரட்டும். அலை பாதியில் நின்றிருந்தாலும் அப்படியே அனுப்பு. அடுத்த சொல்லையும் சேர்த்து அனுப்பு. அது வரும்வரை நான் காக்கையைத் திருத்திக்கொண்டிருப்பேன். அலகு இன்னும் சரியாக வரவில்லை.

அன்புடன்,
அப்பா