தவளையும் இரண்டு திராட்சைப் பழங்களும்

அன்புள்ள மச்சான்,

உன் தங்கைக்கு ஆண் குழந்தை என்று அம்மா சொன்னார், சந்தோஷம். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான். நீ கேட்ட பிறப்புச் சான்றிதழ் விவகாரத்தை அடுத்த வாரம் பார்க்கிறேன். சம்பிரதாயம் முடிந்தது. இப்போது கேள்: தவளை என்று நாம் பட்டப்பெயர் வைத்த நம் வாத்தியார் நண்பனும் நானும் பேசிக்கொள்வதில்லை. காரணம் இரண்டு திராட்சைப் பழங்கள்.

கண்டியில் ஒரு சிறிய மண்டபத்தில் 'பேன்ஸ் லேபிரிந்த்' காட்டுகிறார்கள் என்று என்னை ஹட்டனிலிருந்து இழுத்துப் போனவன் அவன்தான். மெக்சிகோக்காரர் கில்லெர்மோ டெல் டோரோ 2006இல் எடுத்த ஸ்பானிய மொழிப் படம். மாயக்கதை என்றதும் தன் வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டி வரலாமா என்று யோசித்தாராம் ஆசிரியப் பெருந்தகை. நல்ல வேளை! படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு கப்டன், முயல் வேட்டைக்குப் போன அப்பாவிப் பையனின் முகத்தைப் போத்தலால் குத்திச் சிதைக்கிறான்.

கதை 1944இல் நடக்கிறது. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து வருடமாகியும் காட்டுக்குள் கிளர்ச்சியாளர்கள் இருக்கிறார்கள். அவர்களை வேட்டையாட வந்த அந்தக் கப்டன்தான் சிறுமி ஒஃபேலியாவுக்கு மாற்றாந் தகப்பன். நேரம் தவறாதவன், எப்போதும் கையில் கடிகாரம். களஞ்சியச் சாவியும் அவனிடம். ஊர் சனம் பங்கீட்டு அட்டையோடு பாணுக்கு வரிசையில் நிற்கிறது. காலையில் பேர் பதியும் பிரட்டுக்களத்தில் பிந்தி வந்தவருக்கு அரைப்பேர் (அரை நாள் கூலி) போட்ட தோட்டத் துரைமாரின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு இவனை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளைக்கு ஆட்டுக் கொம்பும் குளம்புமாக ஒரு வனதேவன் மூன்று வேலைகள் கொடுக்கிறது. முதல் வேலை, அத்திமரத்தின் அடியில் இருக்கும் ஒரு பெரிய தவளையின் வயிற்றிலிருந்து சாவி எடுப்பது. நான் மெதுவாகத் திரும்பி இவனைப் பார்த்தேன். "வாயைத் திறக்காதே" என்றான். நான் எங்கே திறந்தேன்? என் தோள்கள்தான் குலுங்கின.

இரண்டாவது வேலையில்தான் வினை. நீண்ட மேசை நிறைய விருந்து. தலைமாட்டில் தோல் தொங்கும் வெளிறிய உருவம் ஒன்று. கண்கள் அதன் முன்னே தட்டில் கிடக்கின்றன. விழித்தால் உள்ளங்கைகளில் கண்ணைப் பொருத்திக்கொண்டு பார்க்கும். பக்கத்தில் குழந்தைகளின் சப்பாத்துகள் குவியலாக. (வனதேவனாகவும் இதுவாகவும் நடித்தவர் டக் ஜோன்ஸ் என்ற ஒரே அமெரிக்கர். ஸ்பானிய மொழி தெரியாமலே வசனத்தை மனப்பாடம் செய்தாராம், நம் தவளை ஆங்கில தினப் போட்டிக்குப் போனதுபோல.) எதையும் உண்ணக் கூடாது என்று கட்டளை. முதல் நாள் இராச் சாப்பாடில்லாமல் படுத்த பிள்ளை, இரண்டு திராட்சையை எடுத்து வாயில் போட்டுவிடுகிறது. அதற்கு விலையாக, துணைக்கு வந்த குட்டித் தேவதைகளில் இரண்டின் உயிர் போகிறது.

பஸ் கம்பளையைத் தாண்டுமுன் தவளை ஆரம்பித்துவிட்டான். சொன்னதைக் கேட்டிருந்தால் ஒன்றும் நடந்திருக்காதாம். பிள்ளைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டுமாம். நான் கத்தினேன், அவனும் கத்தினான். முன் இருக்கையில் இருந்த யாரோ ஒரு அம்மா திரும்பி, "எந்தத் தோட்டத்துப் பிள்ளை தம்பி செத்தது?" என்று கேட்டார்.

படம் என்று சொல்லியும் விடவில்லை. முழுக் கதையையும் கேட்டார். பிறகு சொன்னார்: "மேசை நிறையச் சோற்றைப் பரப்பி வைத்துவிட்டு, பசித்த பிள்ளையிடம் அதைத் தொடாதே என்றால், அது என்ன சாமி? எங்கள் தேயிலைத் தொழிற்சாலைச் சாமி ரோதமுனி ஒரு சேவலோடு அடங்கிவிடும்." எழுபத்து நான்காம் ஆண்டுப் பஞ்சத்தில் அவருக்கு எட்டு வயதாம். அரிசியும் இல்லை, மாவும் இல்லை. கைக்குழந்தையாக இருந்த தம்பி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே போய்விட்டான் என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாவலப்பிட்டியில் இறங்கிப் போய்விட்டார். எங்கள் இருவருக்கும் வாய் அடைத்துவிட்டது.

ஆனால் தவளையால் எவ்வளவு நேரம் சும்மா இருக்க முடியும்? கினிகத்தேனை ஏற்றத்தில் மறுபடி தொடங்கினான். இந்த முறை நானும் விடவில்லை. கடைசி வேலையாக, கைக்குழந்தையான தம்பியின் ஒரு துளி இரத்தம் வேண்டும் என்று அதே வனதேவன் கேட்கிறது. பிள்ளை மறுக்கிறாள். அந்தத் தம்பியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டுதான் கப்டன் அவளைச் சுடுகிறான். (முடிவைச் சொல்லிவிட்டேன் என்று குதிக்காதே, நீ எப்படியும் பார்க்கப் போவதில்லை.) திராட்சையில் கட்டளையை மீறத் தெரியாத பிள்ளைக்கு, இரத்தம் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்ல எங்கிருந்து வரும்? இதுதான் என் வாதம். தவளையோ, முதல் மீறல் வெறும் வாய்ச்சபலம், அடுத்தது அன்பு, இரண்டையும் ஒரே தராசில் போடாதே என்கிறான். அவன் சொல்வதிலும் ஏதோ இருக்கிறது என்பதுதான் எனக்கு எரிச்சல்.

போதாததற்கு, மாய உலகமே அந்தப் பிள்ளையின் கற்பனைதான் என்று வேறு சாதிக்கிறான். கடைசியில் கப்டன் பார்க்கும்போது வனதேவன் அங்கே இல்லை என்பது அவனுடைய சாட்சி. பூட்டிய அறை, கதவுக்கு வெளியே காவல், பிள்ளை வெண்கட்டியால் சுவரில் கதவு வரைந்து வெளியேறுகிறாளே, அது எப்படி என்று கேட்டேன். வெண்கட்டி பிடித்தே சம்பளம் வாங்குகிறவனிடம் பதில் இல்லை.

நீ அவனுக்குத் தனியாக எழுதிக் கேள். நான் எழுதச் சொன்னதாகச் சொல்லிவிடாதே.

அன்புடன்,
உன் மச்சான்