என் மகள் செய்த போர்டை ஒரு முறை பாருங்கள்: துறைத் தலைவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர் அவர்களுக்கும், ப்ராஜெக்ட் ரிவியூ குழுவில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

உங்கள் துறையில் இறுதியாண்டு படிக்கும் மாணவி ஒருத்தியின் தகப்பன் நான். தாராபுரம் பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் இரண்டாவது ரிவியூவில் நடந்தது உங்களுக்கே தெரியும். காசு கொடுத்து வாங்கிய பெட்டியை மேசைமேல் வைத்து, மனப்பாடம் செய்ததை என் மகள் குழுவின் நான்கு பிள்ளைகளும் ஒப்பித்தார்கள். நல்ல மதிப்பெண் போட்டீர்கள். போனில் மோட்டார் போட என் மகள் தன் கையால் செய்த போர்டு அவள் பையிலேயே இருந்தது. "இதையும் ஒரு நிமிஷம் காட்டட்டுமா சார்?" என்று கேட்டிருக்கிறாள். "அப்ரூவ் ஆன டைட்டிலை மட்டும் காட்டும்மா" என்று பதில் வந்திருக்கிறது. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். மூன்றாவது ரிவியூவில் அவள் செய்ததைப் பாருங்கள். அதையே அந்தக் குழுவின் ப்ராஜெக்டாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அவள் முதலில் கொடுத்த தலைப்பே அதுதான். என் அண்ணன் தோட்டத்தில் மும்முனைக் கரண்ட் பல நாள் ராத்திரியில்தான் வரும். டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து போய் மோட்டார் போட வேண்டும். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, பாம்பு நடமாட்டம் வேறு. வீட்டிலிருந்தே போனில் மோட்டார் போடவும் நிறுத்தவும் ஒரு கருவி செய்கிறேன் என்றாள். "பழைய டாபிக், இந்த வருஷத்து ஐஇஇஇ பேப்பரிலிருந்து எடுத்து வா" என்று, அதாவது உலகப் பொறியாளர் சங்கம் வெளியிடும் ஆய்வுக் கட்டுரையிலிருந்து எடுக்கச் சொல்லி, திருப்பி அனுப்பினீர்கள். எங்கே போவது என்று கேட்டதற்கு, ப்ராஜெக்ட் செய்து விற்கும் சென்டரில் கொடுப்பார்கள் என்று வழியும் சொல்லப்பட்டது. கோயம்புத்தூர் காந்திபுரம் போனோம். தலைக்கு 6,000 ரூபாய். பெட்டி, புரோகிராம், பிபிடி, ரிப்போர்ட் எல்லாம் அதற்குள் அடக்கம். இரண்டு மணி நேரம் 'எக்ஸ்பிளனேஷன் கிளாஸ்'. நானும் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுத்தால் மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார்களோ என்ற பயம்தான்.

போன் மூலம் மோட்டார் போடும் கருவி கடையிலேயே கிடைக்கிறது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது, அதைச் செய்யும்போது அவள் எதையெல்லாம் கற்றாள் என்பதை. என் கடை மேசையில் என் கண்ணெதிரே நடந்தது அது.

சிம் போடும் சிறிய மாட்யூல் ஒன்று, சிம்800எல், வாங்கி வந்தாள். அது 2ஜி மட்டும் பேசும். வீட்டில் இருந்த, 2ஜி இல்லாத கம்பெனியின் 4ஜி சிம் அதில் எடுக்காது என்று புரியவே இரண்டு நாள் ஆனது. அதன் பிறகு வந்ததுதான் பெரிய தலைவலி. அந்த மாட்யூலில் ஒரு குட்டி விளக்கு உண்டு. டவர் தேடும்போது படபடவென்று மின்னும். டவர் கிடைத்துவிட்டால் மூன்று செகண்டுக்கு ஒரு முறை நிதானமாக மின்னும். நிதானமாக மின்னுகிறதே என்று அவள் மெசேஜ் அனுப்பிப் பார்ப்பாள். உடனே விளக்கு படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிடும். தானாக அணைந்து, மறுபடி முதலிலிருந்து டவர் தேடும். புரோகிராமை மாற்றினாள், சிம்மை மாற்றினாள், மாட்யூலையே மாற்றினாள். மீட்டரை வைத்துப் பார்த்தால் 4.1 வோல்ட், அசையாமல் நிற்கிறது. மூன்று வாரம் இப்படியே போனது. ஒரு நாள் அழுதுவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் காயில் கட்டி முடித்த ஒரு மோட்டாரை நான் ஓட்டிப் பார்த்தேன். மோட்டார் எடுக்கும்போது கடை விளக்கு ஒரு கணம் மங்கி நிமிரும். முப்பது வருஷமாக நான் பார்ப்பதுதான். நேராக ஸ்டார்ட் செய்தால் ஓடும்போது எடுப்பதைப் போல ஆறு மடங்கு கரண்டை அது இழுக்கும். அவள் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பா, இன்னொரு தடவை போடுங்க" என்றாள். போட்டேன். ஓடிப் போய் அந்த மாட்யூலின் டேட்டாஷீட்டை, அதன் விவரத்தாளை, எடுத்தாள். சிக்னல் அனுப்பும் அந்த நொடித்துணுக்கில் அது 2 ஆம்பியர் வரை இழுக்கும் என்று அதில் போட்டிருந்தது. அவள் கொடுத்திருந்ததோ நூல் போன்ற ஜம்பர் வயர். அவ்வளவு கரண்ட் போகும்போது அதில் வோல்டேஜ் சரியும்; சரிவது மில்லி செகண்டுக்கும் குறைவான நேரம். மீட்டருக்கு அது தெரியாது. என் கடையில் கிடந்த தடித்த வயரைச் சின்னதாக வெட்டினாள். கரண்டைச் சேர்த்து வைத்து அவசரத்துக்குக் கொடுக்கும் 1000 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் ஒன்றை மாட்யூலின் காலுக்குப் பக்கத்திலேயே வைத்து ஈயம் பற்றவைத்தாள். மெசேஜ் போனது. விளக்கு நிதானம் மாறவில்லை.

மீட்டர் காட்டாததும் நடந்துகொண்டிருக்கலாம் என்று அன்றைக்கு அவள் தெரிந்துகொண்டாள். அந்த இரண்டு மணி நேர வகுப்பில் இதை யார் சொல்லிக்கொடுப்பார்கள், ஐயா?

தோட்டத்தில் மாட்டிய பிறகும் படிப்பு நிற்கவில்லை. முதலில், யார் கால் செய்தாலும் மோட்டார் எடுக்கும்படி எழுதியிருந்தாள். ஒரு மத்தியானம் ஏதோ விளம்பரக் கால் வந்து, தோட்டத்தில் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, அண்ணன் வரப்பில்தான் நின்றிருந்தார். அன்றைக்கே இரண்டு நம்பருக்கு மட்டும் என்று மாற்றினாள். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மோட்டார் தானாக எடுக்க வேண்டுமா என்பதற்கு ஒரு வாரம் யோசித்தாள். பெரியப்பாவிடம் கேட்டாள். "நான் கிணத்துக்குள்ள எறங்கி இருந்தா என்ன சாமி ஆகும்?" என்றார் அவர். இப்போது கரண்ட் வந்ததும் மெசேஜ் மட்டும் வரும். அவர் சரி என்று பதில் அனுப்பினால்தான் எடுக்கும். மும்முனையில் ஒரு முனை இல்லாவிட்டால் எடுக்கவே எடுக்காது. என் கடைக்குக் கருகி வரும் மோட்டார்களில் பாதிக்கு மேல் அப்படி ஓடியவைதான் என்று நான் சொன்னதைக் கேட்டு அதையும் சேர்த்தாள்.

சென்டர் கொடுத்த ரிப்போர்ட்டை நான் புரட்டிப் பார்த்தேன். முதல் பக்கத்திலேயே ஒரு சான்றிதழ். இது இந்த மாணவர்களின் உண்மையான உழைப்பு, என் மேற்பார்வையில் நடந்தது என்று கைடு, அதாவது வழிகாட்டி ஆசிரியர், கையெழுத்துப் போட வேண்டிய பக்கம். அதையும் சென்டர்காரரே டைப் செய்து கொடுத்திருக்கிறார். பொறியியல் படித்தவருக்கு இருக்க வேண்டிய திறன்கள், அதில் கடைசி வாழ்நாள் கற்றல் என்று ஒரு அட்டவணை. அதற்கும் அவரே டிக் போட்டிருக்கிறார். இருபத்தொரு வயதில் பிள்ளைகள் வெளியுலகத்துக்குக் கொண்டு போகும் முதல் காகிதத்தில் பொய்யை எழுத வைத்தது யார்? நாளைக்கு வேலைக்குப் போகும் இடத்தில் "உன் ப்ராஜெக்டைப் பற்றிச் சொல்லு" என்றுதான் முதல் கேள்வி வரும். வருஷம் முழுக்கக் கட்டணம் வாங்கிக்கொண்டு, கடைசிப் பருவத்தில் கற்றுக்கொடுக்கும் வேலையைக் காந்திபுரத்துக்குத் தள்ளிவிட்டால் கல்லூரி எதற்கு? கல்லூரிப் பேருந்தின் முதுகில் வேலை கிடைத்த பிள்ளைகளின் படத்தை ஒட்டத் தெரிகிறது. பையிலிருந்து ஒரு பிள்ளை எடுத்துக் காட்டுவதைப் பார்க்க ஒரு நிமிடம் இல்லையா?

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் ஒரு நாளில் பதினைந்து குழுக்களைப் பார்க்க வேண்டியிருக்கும், தெரியும். ஆனாலும் தாழ்மையோடு மறுபடி கேட்கிறேன். மூன்றாவது ரிவியூவில் அவள் செய்ததைப் பாருங்கள். தலைப்பு பழையதா புதியதா என்று பார்ப்பதற்கு முன், அவள் நோட்டை வாங்கிப் பாருங்கள். கெட்டுப்போன ஒவ்வொரு நாளையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள். எந்தக் கேள்வி வேண்டுமானாலும் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷத்துப் பிள்ளைகளையாவது சென்டருக்கு அனுப்பாதீர்கள்.

போர்டு இப்போது அண்ணன் தோட்டத்து மோட்டார் ரூமில் ஓடிக்கொண்டிருக்கிறது. தேதி சொன்னால் முந்தின நாளே கழற்றி எடுத்து வந்துவிடுவாள். போன வாரமும் அப்படித்தான் எடுத்து வந்தாள். அன்றைக்கு ராத்திரி அண்ணன் டார்ச்சை எடுத்துக்கொண்டு நடந்து போய்த்தான் மோட்டார் போட்டார். இன்னொரு ராத்திரியும் அப்படிப் போகத் தயார் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
தங்கள் மாணவியின் தகப்பன்