உள்ளே கட்டிய லைப்ரரி நகல்களைப் பதிவு செய்யுங்கள்: பேக்கேஜ் மேனேஜர் பராமரிப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். கோத்தகிரி வட்டாரத்துப் படிப்பகங்களிலும் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களிலும் உள்ள லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பவன் நான். பேக்கேஜ் (நிறுவுவதற்கான மென்பொருள் பொதி) விதிகளை நீங்கள் திருத்தும்போது ஒரு விதியைச் சேர்க்க வேண்டுகிறேன். ஒரு மென்பொருள், பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்பான லைப்ரரி ஒன்றின் நகலைத் தனக்குள் கொண்டிருந்தால், அந்த லைப்ரரியின் பெயரும் பதிப்பு எண்ணும் பேக்கேஜின் விவரக் கோப்பில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

2023 செப்டம்பரில், வெப்பி வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி லைப்ரரியில், தீய நோக்குடன் உருவாக்கிய ஒரு படத்தைத் திறந்தாலே நினைவகத்தில் வரம்பு மீறி எழுதச் செய்யும் ஓட்டை வெளிப்பட்டது. கணினியில் பொதுவாக நிறுவியிருந்த லைப்ரரியை ஒருமுறை புதுப்பித்ததும், அதை நம்பியிருந்த மென்பொருள்கள் அனைத்துக்கும் தீர்வு கிடைத்தது. லிப்வெப்பியின் நகலைக் கொண்ட குரோமியம் உலாவியையே உள்ளே வைத்திருக்கும், எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் எழுதிய செயலிகளுக்கோ தனித்தனியே புதிய பதிப்பு வர வேண்டியிருந்தது. அதுவரை, மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் பேக்கேஜ் மேனேஜரைக் கேட்டால், லிப்வெப்பி புதியதாகவே உள்ளது என்றுதான் சொல்லும். செயலிக்குள் கிடக்கும் பழைய நகல் அதன் கணக்கிலேயே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து கேபிள் அறுந்துபோனால், எங்களுக்குக் கிடைக்கும் மெலிந்த இணைப்பில் எல்லாச் செயலிகளையும் மறுபடி இறக்க முடியாது. எதை முதலில் மாற்ற வேண்டும் என்பதாவது தெரிய வேண்டும். அதைச் சொல்லக்கூடிய இடம் பேக்கேஜ் மேனேஜர் ஒன்றே.

இது புதிய சிக்கலன்று. 2002-இல் இசட்லிப் லைப்ரரியில் பிழை தெரிந்தபோதும், அதன் நகல் எந்தெந்த மென்பொருள்களுக்குள் இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. இத்தகைய நகல்களைத் தவிர்க்கச் சொல்லும் டெபியன் என்ற லினக்ஸ் வகையிலேயே, பாதுகாப்புக் குழு அவற்றுக்கெனத் தனிப் பட்டியல் வைத்திருக்க நேர்ந்தது. ஃபெடோரா என்ற மற்றொரு லினக்ஸ் வகை, இத்தகைய நகல்கள் மீதான தன் கட்டுப்பாட்டை 2015-இல் தளர்த்தியபோதும், உள்ளே கட்டிய லைப்ரரியை அறிவிக்க வேண்டும் என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வழியே நடைமுறைக்கு ஏற்றது என்பது என் கருத்து. மூல லைப்ரரியைத் திருத்திப் பயன்படுத்துவோருக்கும், குறிப்பிட்ட பதிப்பில் மட்டுமே இயங்கும் மென்பொருளை எழுதுவோருக்கும் நகல் தேவைப்படுகிறது. முழுத் தடை விதித்தால் அவர்கள் அதை மறைக்கவே முயல்வார்கள்.

ஆகவே அறிவிப்பில்லாத பேக்கேஜை ஏற்காதீர்கள். திருத்திய நகலென்றால் அந்தத் திருத்தங்களையும் கேட்டுப் பெறுங்கள். ஒரு லைப்ரரியின் பெயரைக் கொடுத்தால், அதை உள்ளே கொண்ட பேக்கேஜ்களையெல்லாம், இணைய இணைப்பு இல்லாத நேரத்திலும், பட்டியலிடும் கட்டளை ஒன்றையும் அடுத்த வெளியீட்டிலேயே தாருங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரியிலிருந்து ஒரு பயனர்