துணைக்கோளுக்கும் தெரியாத சாவி

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு இயற்பியல் முதுகலையில் இடம் கிடைத்தது எங்கள் வீட்டிலும் பெரிய மகிழ்ச்சி. குவாண்டம் பின்னலைக் கொண்டு, அதாவது எவ்வளவு தொலைவில் இருந்தாலும் இரு துகள்களின் அளவீட்டு விடைகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும் நிலையைக் கொண்டு, ஒளியை விட வேகமாகச் செய்தி அனுப்பலாமா என்று கேட்டிருந்தாய். முடியாது. இரு முனைகளிலும் கிடைப்பவை தற்செயலான விடைகளே; வழக்கமான தொலைபேசியிலோ இணையத்திலோ ஒப்பிட்ட பிறகுதான் அவற்றின் ஒற்றுமை தெரியவரும். ஆனால் இருவரிடம் மட்டும் ஒன்றுபோல அமைந்த தற்செயல் வரிசை, மறைச்செய்திக்கு மிகச் சிறந்த சாவி அல்லவா? ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த ஆர்தர் எக்கர்ட் 1991-இல் இதைத்தான் எடுத்துச் சொன்னார்.

பின்னிய ஃபோட்டான் (ஒளித்துகள்) இணையில் ஆளுக்கொன்றைப் பெறும் இருவரும், ஒளி அதிரும் திசையை அளக்கும் கோணத்தைத் தம் விருப்பப்படி மாற்றி மாற்றி வைத்து, பிறகு கோணங்களை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். கோணம் ஒத்துப்போன இணைகளின் விடைகள் சாவியாகின்றன. ஒத்துப்போகாதவற்றைக் கொண்டு பின்னல் உண்மையானதா என்று காட்டும் பெல் சோதனைக்குரிய எண்ணைக் கணக்கிடுகிறார்கள்: விடைகள் முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தால் அது 2-ஐத் தாண்டாது, பின்னல் குலையாமல் இருந்தால் ஏறத்தாழ 2.83 வரை உயரும். இடையில் எவராவது எல்லா ஃபோட்டான்களையும் அளந்துவிட்டு அனுப்பினால், எண் 2-க்குள் இறங்கி அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். அனுப்பியவரை நம்பத் தேவையில்லாத இந்த நிலைதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

2017-இல் சீனாவின் மிசியஸ் துணைக்கோள் வழியாக பெய்ஜிங்கும் வியன்னாவும் சாவியைப் பகிர்ந்துகொண்டபோது, அந்தச் சாவி துணைக்கோளுக்கும் தெரிந்திருந்தது. 2020-இல் வெளியான சோதனையிலோ, அதே துணைக்கோள் 1,120 கிலோமீட்டர் இடைவெளியுள்ள இரு நிலையங்களுக்குப் பின்னிய இணைகளை மட்டும் பொழிந்தது. சாவி என்னவென்று அதற்கே தெரியாது. கிடைத்த வேகம் நொடிக்கு 0.12 பிட்தான், அதாவது 128 பிட் சாவி ஒன்றைப் பெறவே ஏறக்குறைய 18 நிமிடம் ஆகும்.

வேகம் இவ்வளவு குறைவு என்பதால், இன்றைய மறைக்குறியீடுகளை உடைக்கக்கூடியதாக பீட்டர் ஷோர் என்ற கணிதவியலாளர் 1994-இல் கண்ட கணக்குமுறை பெரிய குவாண்டம் கணினியில் ஓடத் தொடங்கினால் வங்கிகள் என்ன செய்யும் என்ற உன் கவலைக்கு, குவாண்டம் கணினியும் எளிதில் உடைக்க முடியாதபடி வகுத்த புதிய கணித முறைகளே இப்போதைக்குக் கைகொடுக்கும் என்பது என் கருத்து. அவற்றுக்கான தரங்களை அமெரிக்கா 2024-இல் வெளியிட்டுவிட்டது. எக்கர்ட்டின் கட்டுரை மூன்றே பக்கம். மகளை அதைப் படிக்கச் சொல். ஐயம் எழுந்தால் எனக்கு எழுதட்டும்.

அன்புடன்,
இராமநாதன்