காலிக்குப் போற பிள்ளைக்கு

கிளிநொச்சி

அன்பின் மகளுக்கு,

நாங்கள் நலம். பொங்கலுக்கு ஏன் வரேல்லை எண்டு நான் கேக்கேல்லை. காலி இலக்கிய விழாவுக்குப் போறன் எண்டு தங்கச்சிக்கு நீ அனுப்பின ஒரு வரியை அவள் காட்டினவள். போ. ஆனா எல்லாத்துக்கும் ஓடாதை. ஒரு நாளைக்கு மூண்டு அமர்வு போதும்.

நிகழ்ச்சிநிரலைக் கடதாசியில எடுத்து வைச்சுக் குறி. ஒரே நேரத்தில வேற வேற இடத்தில நடக்கும். பெரிய பெயரை விடு, ஆர் கேள்வி கேக்கினம் எண்டு முதல்ல பார். புத்தகம் வாசிக்காத ஆள் முன்னுக்கு இருந்தா, எந்த எழுத்தாளரும் பேப்பரில வந்த கதையைத்தான் திருப்பிச் சொல்லுவார். ஒரு மணித்தியாலத்துக்கு நாலு பேரை இருத்தினா, அறிமுகமும் சபையின்ரை கேள்வியும் போக ஆளுக்குப் பத்து நிமிசம் தேறுறது கஷ்டம். அதால ஒரு எழுத்தாளர், ஒரு கேள்வியாளர் இருக்கிறதை எடு. போக முந்தி அவரின்ரை ஒரு புத்தகமாவது வாசி.

இரண்டு அமர்வுக்கு நடுவில அரை மணித்தியாலம் விடு. காலிக் கோட்டைக்குள்ள எல்லாம் நடை தூரம்தான், ஆனா மத்தியான வெய்யில் அங்கை மதிலிலயும் தெருவிலயும் பட்டு முகத்தில அடிக்கும். கையெழுத்து வரிசையில நிண்டா அடுத்த அமர்வு போயிடும். பயிற்சிப் பட்டறைக்கு இடம் கொஞ்சம், முதலே பதி. எழுத்தாளரோட சாப்பாடு எண்டு போடுறதுக்கு ரிக்கற் வேற, விலையும் கூட. அது வேண்டாம்.

விழா பெரும்பாலும் இங்கிலிசில. மொழிபெயர்ப்பைப் பற்றி ஏதும் இருந்தா கட்டாயம் போ. போரைப் பற்றின அமர்வெண்டா, தமிழில எழுதிற ஆரும் மேடையில இருக்கினமோ எண்டு பாத்திட்டுப் போ. 2011 இல ஊடக அமைப்புகள் இலங்கையின்ரை ஊடக சுதந்திரத்தைச் சொல்லி விழாவைப் புறக்கணிக்கச் சொன்னவை. துருக்கி எழுத்தாளர் ஒர்ஹான் பாமுக் வரேல்லை. நாங்கள் அந்த வருசம் எங்கை இருந்தம் எண்டு உனக்குத் தெரியும். போகாதை எண்டு சொல்லேல்லை.

கொழும்புக் கோட்டையில கரையோர ரயில் எடு, வலப்பக்க யன்னல். கடல் அந்தப் பக்கம். ஞாயிறு பின்னேரம் திரும்பேக்க சனம் நெரியும், இருட்டுப்பட முந்தி வெளிக்கிடு.

கேள்வி கேக்கிறதெண்டா ஒரு வரியில எழுதி வை. நீட்டிக் கேட்டா மைக்கை வாங்கிப்போடுவினம். எழுதி வை. நீ இப்பவும் எழுதுறனி தானே?

பள்ளிக்கூடத்தில முழுப்பேருக்கும் உன்ரை கட்டுரையைத்தான் வாசிச்சுக் காட்டினவை.

சண்டைக்குள்ள இடம்பெயரேக்க, தருமபுரத்தில லான்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியில சாமான் ஏத்தேக்க உன்ரை கொப்பிப் பை வழியில விழுந்ததெண்டு அப்பா சொன்னவர். விழேல்லை. நாலு தகரம் வைக்க இடம் காணாமல் நான்தான் இறக்கி, வேலியோட வைச்சன். அவர் கண்டவர். இத்தினை வருசமும் உன்ரை கோவத்தை அவர்தான் வாங்குறார். அந்தத் தகரமும் மாத்தளன் கடற்கரை வரைக்கும் வந்து சேரேல்லை.

நாளைக்கு வயலுக்கு வெட்டு மெசின் வருது. அப்பா ஆறு மணிக்கு மேல வீட்டில நிப்பார். அவரோட கதை. என்னோட பிறகு கதைக்கலாம்.

ஒரு நாளைக்கு மூண்டுதான், பிள்ளை. தொப்பி கொண்டு போ.

அம்மா