என்ன கல் என்று கேட்ட அப்பாவுக்கு, மால்டாவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

பாண்டி எழுதுவது. நான் இங்கே நலம். நீங்களும் அம்மாவும் செல்வியும், அக்கா வீட்டில் எல்லாரும் நலந்தானே?

உங்கள் கடிதம் கிடைத்தது. கையெழுத்து செல்வியுடையது என்றாலும் வரிக்கு வரி உங்கள் அதட்டல்தான் கேட்டது. போனில் நலம் நலம் என்று எவனும் சொல்லிவிடுவான், காகிதத்தில் எழுது, அப்போது தெரியும் என்று சொல்லியிருக்கிறீர்கள். வேலை முடிந்து வந்தால் பேனா பிடிக்கக் கை வருவதில்லை, வேறொன்றும் இல்லை. கருப்பையா மாமா மகன் துபாயிலிருந்து வாரம் தவறாமல் பேசுகிறான் என்பதையும் படித்தேன். அவன் ஏசி அறையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவன்.

சம்பளம், சாப்பாடு எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில், அந்த ஊரில் என்ன கல்லில் கட்டுகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அதைச் சொல்கிறேன்.

இங்கே எல்லாமே சுண்ணாம்புக்கல். இரண்டு வகை இருக்கிறது. ஒன்று மஞ்சள், மிருது. ஃபிராங்கா என்பார்கள். குவாரியிலிருந்து எடுத்த புதிதில் சொன்னபடி கேட்கும். காற்றுப்பட்டு நாளானால் மேல்பரப்பு இறுகிவிடும். தேவாலயம், கோட்டை, பழைய வீடுகள் எல்லாம் அதில்தான். மற்றது சாம்பல் நிறம், கெட்டி. திருமயத்துக் கருங்கல் அளவுக்கு இல்லை என்றாலும் உளிக்கு எளிதில் மசியாது. மஞ்சள் கல்லைக் கடல் உப்பு தின்கிறது. பழைய சுவர்கள் குழிகுழியாகப் பொரிந்து, தொட்டால் மாவாக உதிர்கின்றன. புதிதாகக் கட்டுவதெல்லாம் இப்போது சிமெண்ட் பிளாக். நாங்கள் கட்டுவதும் அதுதான். நீங்கள் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள்.

எனக்குப் பெரும்பாலும் மேற்பார்வை வேலைதான், அம்மாவிடம் சொல்லுங்கள். வலது தோள் கொஞ்சம் வலிக்கிறது. பிளாக்கை எப்போதும் அந்தப் பக்கமே தூக்குவதால் வருவது; தைலம் தேய்த்தால் போய்விடும்.

அறை வசதியானது. ஆட்கள் நிறைய இருப்பதால் பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. இரவு வேலைக்குப் போகும் கேரளத்துப் பையன் எழுந்து போனதும் அந்தக் கட்டில் எனக்கு வந்துவிடும். பனி விழாத ஊர்தான், ஆனால் குளிர் கல்லுக்குள் குடியேறிவிடுகிறது. வெளியே வெயிலில் நின்றால் சுகமாக இருக்கும், வீட்டுக்குள் வந்துதான் ஸ்வெட்டர் மாட்ட வேண்டும். சுவரெல்லாம் ஈரம் குடித்துக் கறுப்பாகப் பூஞ்சை பூக்கிறது. சாப்பாட்டுக்குப் பஸ்திஸ்ஸி என்று ஒன்று உண்டு. பட்டாணியை மசித்து உள்ளே வைத்துச் சுட்டெடுப்பார்கள், இதழ் இதழாகப் பிரியும். காலையிலும் அதுதான், பல நாள் இரவிலும் அதுதான். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. விலையும் குறைவு.

எதிர்வீட்டு மாடியில் ஒரு கிழவி இருக்கிறாள். இங்கே பாட்டியை நன்னா என்பார்கள். தெருவுக்கே அவள் நன்னாதான். படி இறங்கமாட்டாள். பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி ரொட்டி வாங்குவாள். ரொட்டி கருகியிருந்தால் கூடையோடு திரும்பி இறங்கும், கூடவே வசவும் இறங்கும். எங்கள் வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு கிடக்கிறது என்று எண்ணி வீட்டுக்காரருக்குச் சொல்வது அவளுடைய முக்கிய வேலை. அதிலிருந்து செருப்புகளை உள்ளேயே வைத்துக்கொள்கிறோம்.

ஒருநாள் கல்தூசியோடு நான் வருவதைப் பார்த்து, உன் அப்பாவுக்கு என்ன தொழில் என்று மேலேயிருந்து கத்தினாள். கொத்தனார் என்றேன். அன்றோடு என்மேல் மரியாதை வந்துவிட்டது. அவள் பிறந்தது பக்கத்துத் தீவான கோசோவில், ஷாரா என்ற ஊர். அங்கே ஜிகான்தியா என்ற பழைய கோயில் இருக்கிறது. அதைக் கட்டியவள் ஓர் அரக்கி, அவரையும் தேனும் மட்டுமே தின்றவள், தோளில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டே கல் சுமந்தவள். "எங்கள் ஊர்க்காரி" என்றுதான் நன்னா சொல்வாள். படித்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்களே என்றேன். அவர்களில் எவன் கல் தூக்கியிருக்கிறான் என்று கேட்டாள்.

போய்வந்தேன். படகுக்குப் போகும்போது டிக்கெட் கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் வசூல். தீவிலேயே தங்கிவிட்டால் இலவசம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கோயில் கி.மு. 3600-க்கும் 3200-க்கும் இடையில் கட்டியதாம். எகிப்தின் பெரிய பிரமிடுக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தது. சுவர் சில இடங்களில் 6 மீட்டர் உயரம்வரை இன்னும் நிற்கிறது. அதைப் பார்த்த பிறகு நன்னா கட்சிக்கே போய்விடலாம் போலிருந்தது.

அடுத்து வருவது உங்களுக்கு மட்டும், அப்பா. அம்மாவும் செல்வியும் தாண்டிப் போகலாம்.

இந்தப் பெரிய தீவின் தெற்குக் கரையில் ஹஜர் ஈம், இம்னய்த்ரா என்று இரண்டு கோயில்கள் இருக்கின்றன. இரும்பும் செம்பும் வராத காலம். தீக்கல், மான்கொம்பு, எரிமலைக் கண்ணாடிக்கல் இவைதான் கருவி. அதிலும் கண்ணாடிக்கல் இந்த ஊரிலேயே கிடையாது, லிபாரி, பான்டெல்லேரியா தீவுகளிலிருந்து படகில் வந்தது. இவற்றை வைத்துக்கொண்டு 20 டன்னுக்கு மேல் எடையுள்ள கல்லை நிறுத்தியிருக்கிறார்கள். டார்ஷீன் என்ற இடத்துக் கோயிலில் கல் உருண்டைகள் கிடக்கின்றன. பெரிய கற்களை உருட்டிவர அடியில் போட்டவை என்கிறார்கள். நாம் குழாயைப் போட்டு உருட்டுவோமே, அந்த வேலைக்கு.

வெளிச்சுவரைக் கேளுங்கள். ஒரு பலகைக் கல் முகம் காட்டி நிற்கிறது, அடுத்தது விளிம்பு காட்டி உள்ளே போகிறது. மறுபடி முகம், மறுபடி விளிம்பு. செங்கல்லில் நெடுக்கும் குறுக்கும் மாற்றி வைக்கச் சொல்லி என் முதுகில் அடித்தீர்களே, அதே கட்டு! உள்ளே இன்னொரு சுவர், இரண்டுக்கும் நடுவில் மண்ணும் உடைகல்லும். சாந்து ஒரு கரண்டிகூடக் கிடையாது. அறைகள் அரைவட்டமாக வளைந்து ஜோடி ஜோடியாகப் போகின்றன. வாசலுக்கு இரண்டு நிலைக்கல், மேலே ஓர் உத்தரக்கல். சில இடத்தில் ஒரே பலகைக் கல்லின் நடுவில் ஆள் நுழையும் அளவுக்குச் சதுரமாக வெட்டி, அதையே வாசலாக வைத்துவிட்டார்கள். சுவரின் மேல்வரிசைகள் ஒவ்வொன்றும் சற்று உள்ளே நீண்டு வருகின்றன. கூரை மட்டும் போய்விட்டது.

மேட்டில் இருக்கும் ஹஜர் ஈம் முழுக்க மிருதுக்கல், உதிர்ந்து தேய்ந்துவிட்டது. அரைக் கிலோமீட்டர் கீழே இருக்கும் இம்னய்த்ராவில் வெளிச்சுவருக்குக் கெட்டிக்கல், உள்ளே புள்ளிக்குழி போட்டு அலங்கரித்த இடங்களுக்கு மிருதுக்கல். எந்தக் கல்லை எங்கே வைப்பது என்று தெரிந்த மேஸ்திரி அங்கே இருந்திருக்கிறான். வாசலைக் கிழக்கே பார்த்து வைத்து, பகலும் இரவும் சமமாக வரும் நாட்களில் உதிக்கிற வெயில் நேராக நடுவழியில் போய் விழும்படி செய்திருக்கிறான். ரசமட்டம் இல்லாத காலத்தில்! 2009-இல் இரண்டுக்கும் மேலே பெரிய வெள்ளைக் கூடாரம் போட்டுவிட்டார்கள். அழகைக் கெடுக்கிறது, ஆனால் கல் பிழைக்கும்.

சுற்றுலாக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு வழிகாட்டி பேசுவதைக் கேட்டேன். பெண் தெய்வம், வழிபாடு, பலி என்று பேசிக்கொண்டே போனார். உத்தரக்கல்லை மேலே ஏற்றிய சித்தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாய்தளம் மண்ணில் போட்டார்களா, கல்லிலா, எத்தனை பேர் கயிறு பிடித்தார்கள் என்று கேட்க நினைத்தேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் கேட்டிருப்பீர்கள்.

தரைக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது, ஹல் சஃப்லீனி. 1902-இல் புது வீடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வெட்டிய ஆட்கள் கண்டது. வேலை நின்றுவிடும் என்று முதலில் மறைக்கப் பார்த்தார்களாம். எந்த ஊர் மேஸ்திரியும் அதைத்தானே செய்வான். மூன்று அடுக்காகப் பாறையைக் குடைந்து, மேலே கட்டுகிற நிலை, உத்தரம், உள்நீளும் கூரை எல்லாவற்றையும் தாய்ப்பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். ஏறக்குறைய 7000 பேரைப் புதைத்த இடம் என்கிறார்கள். மணிக்கு 10 பேரைத்தான் உள்ளே விடுவார்கள், பல வாரம் முன்பே பதிய வேண்டும். டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். ஒன்றும் அவசரமில்லை.

அங்கே கிடைத்த ஒரு பொம்மையை வலெட்டா அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இலவசமாகத் திறந்துவிட்ட நாளில் போய்ப் பார்த்தேன். களிமண், 12 சென்டிமீட்டர்தான். பருத்த உடம்புக்காரி ஒருத்தி, ஒரு கையைத் தலைக்கு அணையாக வைத்து ஒருக்களித்துத் தூங்குகிறாள். மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டுத் திண்ணையில் அம்மா சாய்ந்திருப்பது போலவே. கண்ணாடிப் பெட்டி முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்ன பிறகுதான் நகர்ந்தேன். அம்மா இப்போதும் அங்கேதான் படுக்கிறாளா? முட்டி வலி எப்படி இருக்கிறது? நம் வீட்டுத் திண்ணையில் ஒரு மத்தியானம் தூங்கி எழுந்தால் போதும் அப்பா, மற்றதெல்லாம் சமாளித்துவிடுவேன். இந்த வரியைச் செல்வி அம்மாவுக்குப் படித்துக்காட்ட வேண்டாம்.

ஆட்டுப்பாலைக் காய்ச்சாமல் குடிக்காதே என்று அம்மா சொல்வாளே, அதைக் கண்டுபிடித்துச் சொன்னவரும் இந்த ஊர்க்காரர். தெமிஸ்தோக்ளிஸ் ஸாமிட் என்ற மருத்துவர், 1905-இல் மால்டாக் காய்ச்சல் ஆட்டுப்பாலில் வருகிறது என்று காட்டியவர். 1915 முதல் டார்ஷீன் கோயிலைத் தோண்டியெடுத்தவரும் அவரே. ஒரே ஆள் இரண்டு வேலை.

ரபாத் ஊரில் கிறிஸ்தவர்களின் பழைய நிலத்தடிக் கல்லறைகளையும் பார்த்தேன். புனித பவுலின் கப்பல் கி.பி. 60 வாக்கில் இந்தத் தீவில்தான் உடைந்தது என்பார்கள். கல்லறைகள் அதற்கும் பிந்தியவை, 4-ஆம் நூற்றாண்டிலிருந்து பெருகியவை. பாறையிலேயே வட்டமாக ஒரு மேசை, அதைச் சுற்றிச் சாய்ந்துகொள்ள வளைவான திண்டு, எல்லாம் ஒரே கல். செத்தவர்களுக்காகச் சொந்தக்காரர்கள் கூடி அங்கேயே சாப்பிட்டிருக்கிறார்கள். யூதர்களின் கல்லறையும் பக்கத்திலேயே, சண்டையில்லாமல்.

அதைப் பார்த்தபோதுதான் தாத்தா திதி நினைவுக்கு வந்தது. இந்த முறையும் வர முடியாது. மேலத்தெரு சித்தப்பாவை முன்னால் உட்காரச் சொல்லாதீர்கள், மச்சானை உட்காரச் சொல்லுங்கள். இலைக்குப் பணம் சேர்த்து அனுப்புகிறேன்.

அக்கா நகையின் கெடு வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். இந்த முறை வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்துவிடுங்கள். இங்கே சம்பளம் வங்கியில் ஏறுவதில் ஏதோ தாமதம், எல்லாருக்கும்தான். அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன், மச்சானுக்குத் தெரிய வேண்டாம். செல்வியின் கல்லூரிக் கட்டணத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், அதற்கு உள்ளது வந்துவிடும். கருப்பையா மாமாவிடம் கைமாற்று வாங்க வேண்டாம், ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்.

பெரியப்பா நம் பக்கத்துச் சுவரில் உத்தரம் ஏற்றப்போகிறார் என்றால் வாய்ப்பேச்சில் விடாதீர்கள். அது நம் கடைக்காலில் நிற்கிற சுவர். சர்வேயரை வரவழைத்து அளந்து, கல் நட்டு, முத்திரைத்தாளில் எழுதி வாங்குங்கள். அளக்கிற அன்று பெரியப்பாவையும் இரண்டு பெரிய மனிதர்களையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். நூல் பிடிப்பது மட்டும் நீங்களாக இருக்கட்டும். மூலைக்கல் எங்கே இருந்தது என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும், வேப்பமரத்திலிருந்து கிணற்றுப் பக்கமாக அளந்தால் கிடைக்கும். இல்லையென்றால் எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், இரவு ஒன்பதுக்கு மேல்.

அன்பு மகன்,
பாண்டி