காசநோய்ப் பிரிவுச் செவிலியர்களுக்கு எங்கள் நன்றி

மதிப்பிற்குரிய செவிலியர்களுக்கு,

காசநோய் உறுதியான எங்கள் தந்தையை அரசு மருத்துவமனைக்கு அழைத்து வந்த அன்று, மாத்திரை கொடுத்து அனுப்பிவிடாமல் முதலில் எடை பார்த்த உங்களுக்கு எங்கள் குடும்பமே கடமைப்பட்டுள்ளது. 165 செ.மீ. உயரமுள்ள அவர் 36 கிலோதான் இருந்தார்; உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் உடல் நிறைக் குறியீடு (BMI) 13.2. தமிழகத்தில் 2022 முதல் நடைமுறையில் உள்ள காசநோய் இறப்பில்லா திட்டத்தில், இந்தக் குறியீடு 14-க்குக் கீழே இருந்தாலோ, துணையின்றி நிற்க முடியாவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ உள்நோயாளியாகச் சேர்க்கப் பரிந்துரைப்பார்கள் என்பது நீங்கள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். "பசிதான் இல்லை, வேறொன்றுமில்லை" என்று வீட்டுக்குக் கிளம்பியவரைப் பிடித்து நிறுத்தியது அந்த எண்தான்.

நீர் கோத்திருந்தால் எடை கூடுதலாகக் காட்டும் என்று சொல்லி, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்திப் பள்ளம் விழுகிறதா என்று பார்த்தீர்கள். கண் இமையை விலக்கி, நாக்கை நீட்டச் சொல்லிச் சோகை இருக்கிறதா என்று பார்த்தீர்கள். "நேற்று காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள், ஐயா?" என்று வேளை வேளையாகக் கேட்டபோதுதான், பல் ஆடுவதால் சோற்றை மெல்ல முடியாமல் வெறும் கஞ்சியும் ஊறுகாயுமாகவே அவர் காலம் தள்ளியது வெளிவந்தது. பெற்ற பிள்ளைகளிடம் சொல்லாததை உங்களிடம் சொன்னார்.

உறவினர்கள் பாத்திரம் பாத்திரமாகக் கொண்டுவந்ததை நீங்கள் தடுத்தபோது சிலருக்கு வருத்தம்தான். நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ் போன்ற உப்புகள் சட்டெனக் குறைந்து இதயத்தையே பாதிக்கலாம் என்று விளக்கி, சிறிது சிறிதாகக் கூட்டினீர்கள்.

அம்மாவுக்குச் சொன்னவையோ எங்கள் அடுப்படிக்கு ஏற்றவை: சத்துமாவு டப்பாவுக்குக் காசைக் கொட்ட வேண்டாம், நியாயவிலைக் கடைத் துவரம்பருப்பைக் குழைய வேகவைத்துக் கஞ்சியில் கலந்து ஒரு கரண்டி எண்ணெய் விடுங்கள், முட்டை, முருங்கைக்கீரை, பொடித்த வேர்க்கடலை சேருங்கள் என்றீர்கள். சொன்னதோடு விடாமல், "இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள், அம்மா" என்று கேட்டு, விட்டுப்போனதை மறுபடியும் சொன்னீர்கள். ஊட்டச்சத்துக்காக அரசு மாதந்தோறும் வழங்கும் 1,000 ரூபாய்க்கு வங்கிக் கணக்கு விவரத்தைப் பதியவும் நீங்களே நினைவூட்டினீர்கள்.

வீடு திரும்பிய பின் மாதந்தோறும் வந்து எடை பார்க்கும் களப்பணியாளருக்கும், உப்பும் காரமும் குறைத்து அப்பாவுக்கெனத் தனியே குழைத்துக் கொடுத்த சமையற்கூடத்தாருக்கும் எங்கள் நன்றி உரியது. அப்பா இப்போது 43 கிலோ. பல் கட்டுவதற்கு அடுத்த வாரம் அழைத்து வருகிறோம்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி ஒருவரின் குடும்பத்தினர்